மூன்று எண்ணி உள்ளே போ

மார்ச் 3

என் லேப் மேடத்துக்கு,

இங்கே வாரத்துக்கு இரண்டு கடிதம்தான். அதையும் ஒரு அதிகாரி பிரித்துப் படித்து, முத்திரை குத்தித்தான் அனுப்புவார். அதனால் கொஞ்சல் கிஞ்சல் எல்லாம் கிடையாது, நீ தப்பித்தாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வக்கீல் நேற்று வந்தார். ஏப்ரல் ஆறாம் தேதி விசாரணை. "நீங்க வாயால எவ்வளவு சொன்னாலும் ஜட்ஜுக்கு ஸ்பிரிங்கும் புரியாது, ஷாக் அப்சார்பரும் புரியாது. கண்ணால பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டுவாங்க"ங்கிறார். எனக்கு உடனே உன் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. பாப்பாவின் வீட்டுப்பாடத்துக்காக ஒருநாள் காட்டினாயே, ஒரு கம்பியிலிருந்து ஸ்பிரிங் தொங்கும், அதில் எடைக்கல்லை மாட்டி இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடும், பக்கத்தில் ஆற்றல் எல்லாம் கலர் கலராகக் கட்டம் கட்டி ஏறி இறங்கும், அதேதான். பொழுதுபோக்குப் பூங்காவில் நம்முடைய 'தவளை'யும் அதுவேதான். நான்கு பேர் உட்காரும் பலகை, மேலிருந்து ஸ்பிரிங்கில் தொங்குகிறது. மோட்டார் இழுத்து இழுத்து விடும், தவளை குதிக்கும். மணி அடித்ததும் மோட்டார் விலகிவிடும். அப்புறம் மூன்றே குதிதான், எண்ணெய் நிறைந்த ஷாக் அப்சார்பர் அதை அடக்கி நிறுத்திவிடும். ஆபரேட்டர் பலகைக்கு அடியில் குனிந்து பூட்டு ஊசியைச் செருகிவிட்டு ஆட்களை இறக்குவான். "மூணு எண்ணி உள்ள போ", அதுதான் எங்கள் சட்டம். பத்து வருஷமாக உன் அண்ணன் அப்படித்தான் செய்தான்.

அன்று மட்டும் எண்ணாமல் போய்விட்டான். முதல் குதியிலேயே குனிந்திருக்க வேண்டும். பலகை வந்து தலையில் இறங்கிவிட்டது. அதிகாரிகள் சோதித்தபோது எண்ணெய் நிறைந்துதான் இருந்தது. ஆனால் பராமரிப்புக் கையெழுத்து என்னுடையது என்பதால் உள்ளே இருப்பது நான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லை மாட்டு, இழுத்து விடு. முதல் குதி எவ்வளவு உயரம், மூன்றாவது எவ்வளவு சின்னது என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து வக்கீலிடம் கொடு. மாதம் முப்பதுக்குள் வேண்டும். உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

மச்சான் கண் திறந்தானா? பாப்பாவிடம் நான் வெளியூர் வேலையில் இருப்பதாகச் சொல்.

உன் மெக்கானிக்


மார்ச் 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு வயது பதிமூன்று. வெளியூர் வேலை என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்தில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் பேச்சு சட்டென்று நின்றுபோகிறது.

அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. பதினாறு நாள் ஆகிறது. அண்ணி கட்டில் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் பெண்டாட்டியாகவும் அவனுக்குத் தங்கையாகவும் ஒரே ஆள் அந்த வராந்தாவில் எப்படி நிற்பது என்று எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் சொன்னதைச் செய்தேன். இயற்பியல் டீச்சர் மதிய இடைவேளையில் ஒரு கம்ப்யூட்டரை எனக்கு விட்டுக்கொடுத்தார். "என்ன விஷயம்?" என்று அவர் கேட்கவில்லை, அதற்கே கும்பிட வேண்டும். கல்லை மாட்டினேன். கீழே இழுத்து விட்டேன். அது ஆடுகிறது, ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. சரி, தானாக அடங்கட்டும் என்று பதினான்கு பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், அதே கோட்டுக்கு ஏறி அதே கோட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது! மூன்றாவது குதி சின்னதாக இருக்கும் என்றீர்களே. முந்நூறாவதுகூடச் சின்னதாகவில்லை. இந்தப் படத்தை வக்கீலிடம் கொடுத்தால் உங்களுக்கு ஆகுமா, ஆகாதா?

எங்கே தப்பு செய்தேன் என்று எழுதுங்கள். டீச்சரிடம் கேட்கலாம்தான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சாப்பிடுகிறீர்களா? பனியன் இரண்டு அனுப்பினேன், வந்து சேர்ந்ததா?


மார்ச் 10

என் லேப் மேடத்துக்கு,

அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதே. அழித்துவிடு. வக்கீலிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே.

உராய்வு என்று ஒரு நகர்த்தும் பட்டை இருக்கும், கீழே, இடது பக்கம். அது பூஜ்யத்தில் இருந்திருக்கிறது. அதனால்தான் அடங்கவில்லை. உலகத்தில் எந்த ஸ்பிரிங்கும் அப்படி ஆடாது, அது படம் வரைந்தவன் விளையாட்டுக்கு வைத்தது. அதை நடுவுக்குக் கொண்டுவா. அதுதான் எங்கள் எண்ணெய். பெரிய கல்லை மாட்டு. கீழே உள்ள புள்ளிக்கோடு வரை இழு. மூன்றாவது குதியில் படம் எடு. வேறு எதையும் தொடாதே. இவ்வளவு சின்ன வேலைக்கு இத்தனை கேள்வியா?

கோபமாக எழுதிவிட்டேன். இன்னொரு தாள் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அதனால் இதுவே வருகிறது. இங்கே எட்டு பேருக்கு ஒரு அறை. பக்கத்துப் படுக்கைக்காரர் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்கிறார். ஏழு மாதமாக இப்படியே செய்கிறாராம். இன்னும் ஏழு மாதத்தில் நானும் அப்படித்தான் நிற்பேனோ என்னவோ. என்னை எப்படியாவது வெளியே எடு. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் அதிகாரி சிரிப்பார், சிரிக்கட்டும்.

பனியன் வந்தது.


மார்ச் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

அண்ணன் கண் திறந்துவிட்டான்! செவ்வாய்க்கிழமை காலை. அண்ணி போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்து திட்டினார். என்னையும் மறந்துபோய்க் கட்டிக்கொண்டாள். அப்புறம் நான் யார் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வலது கை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம். பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. அந்த நாள் மட்டும் அவனுக்குத் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது. காலையில் பல் தேய்த்ததுவரை ஞாபகம் இருக்கிறதாம். "என்னாச்சு?" என்று கேட்டான். யார் சொல்வது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் பூங்கா முதலாளியின் ஆள்தான், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், சொன்னார்: "எண்ணாம உள்ள போயிட்டீங்கண்ணே."

அவர் போகும்வரை அண்ணன் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "பத்து வருஷமா எண்ணினவன் எப்படி எண்ணாமப் போனேன்னு புரியல. மாப்பிள்ளை என்னால உள்ள இருக்கான். அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு எழுதிடு. கொஞ்ச நாளா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அதை மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு."

உங்களுக்குள் பேச்சு இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

படம் எடுத்துவிட்டேன். உராய்வை நடுவில் வைத்தால் நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றில் அடங்குகிறது. 'வெப்பம்' என்ற சிவப்புக் கட்டம் ஒவ்வொரு குதிக்கும் வளர்கிறது. 'மொத்தம்' என்ற கட்டம் மட்டும் அசையவே இல்லை. குதித்த ஆற்றல் எங்கும் ஓடிவிடவில்லை, உராய்ந்து சூடாக மாறிவிட்டது என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வக்கீலிடம் கொடுக்கிறேன்.


மார்ச் 18

என் லேப் மேடத்துக்கு,

மச்சான் பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அவன் சொன்னதை இன்னொரு தடவை எழுது. மன்னிப்பு என்ற வார்த்தையைத்தான் சொன்னானா? சிரித்துக்கொண்டு சொன்னானா?

இல்லை, வேண்டாம். எழுதாதே.

பேச்சு இல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் ஸ்கூட்டர் ஒருநாள் கிளம்பவில்லை. கேன்டீனில் அத்தனை பேர் முன்னால், "ஊர் மெஷினை எல்லாம் ரிப்பேர் பண்றவன் வண்டியை நாங்கதான் தள்ளணும்" என்று சொல்லிவிட்டான். டிக்கெட் கொடுக்கிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள். அவ்வளவுதான் விஷயம்.

படத்தைக் கொடுத்துவிடு. நடந்ததைப் பற்றி அவனிடம் இனிமேல் யாரும் பேச வேண்டாம் என்று அண்ணியிடம் சொல். உடம்பு தேறட்டும். நீயும் வேறு எதையும் ஆராய்ந்து பார்க்காதே.


மார்ச் 23

மெக்கானிக் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். உறை என் பையில் இருந்தது. அவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால், "இதைப் பார்த்துட்டிருங்க" என்று அவருடைய செல்போனைக் கொடுத்தார். அன்று தவளையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் முகத்தையே எடுத்த வீடியோ. அவள் சிரிக்கிறாள், பல் தெரிகிறது. எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அண்ணன் அதில் இல்லை, கீழே இருந்திருப்பான். ஆனால் அவள் தலைக்குப் பின்னால் தவளையின் கம்பம் தெரிகிறது. கம்பத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்களே, அது.

மணி அடிக்கிறது. அவள் கண்கள் சிவப்புக் கோட்டுக்கு ஏறுகின்றன. இறங்குகின்றன. மறுபடி அதே கோடு. மறுபடி அதே கோடு, விரற்கடைகூடக் குறையவில்லை. மூன்று முடிந்து நான்காவதுக்கு இறங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது.

நான் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பதினான்கு பீக்கர் கழுவுகிற நேரம் பார்த்திருக்கிறேன்.

உறையைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை பள்ளி விடுமுறை, சாவி என்னிடம்தான் இருக்கிறது. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உங்களைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தேன், அதை நம்புங்கள். ஆட்கள் கனமாக இருந்திருப்பார்களோ என்று கல்லை மாற்றினேன். ஸ்பிரிங் விறைப்பாக இருந்ததோ என்று அதை மாற்றினேன். ஈர்ப்பு என்று ஒரு பட்டை இருக்கிறது, அதைச் சந்திரனுக்குக்கூடக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்திரனில்கூட, உராய்வு நடுவில் இருந்தால் கல் அடங்கித்தான் போகிறது. எதை எப்படி நகர்த்தினாலும், அதே கோட்டுக்குத் திரும்பி வர ஒரே வழிதான் இருக்கிறது. நீங்கள் அழிக்கச் சொன்ன வழி.

அன்று எண்ணெய் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கண்கள் மூன்றாவது தடவை கோட்டுக்கு வந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நீங்கள் வந்தீர்கள். சட்டைக் கை இரண்டிலும் முழங்கை வரை எண்ணெய். அன்று மெஷினையே தொடவில்லை என்று போலீசிடம் சொன்னீர்கள். அந்தச் சட்டையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தவள் நான்தான். என்ன தேய்க்கிறேன் என்று தெரியாமல் தேய்த்தேன்.

நேற்று அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டதும் இடது கையால் தலையில் அடித்துக்கொண்டான். "எண்ணாமப் போனேனே, எண்ணாமப் போனேனே" என்கிறான். அவன் மகன்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டு படமும் என்னிடம் இருக்கிறது, அழிக்கவில்லை. முப்பதாம் தேதிக்குள் ஒன்றை வக்கீலிடம் கொடுக்க வேண்டும். நடுவில் வைத்ததைக் கொடுத்தால் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள், பாப்பாவுக்கு அப்பா கிடைப்பார், அண்ணன் சாகும்வரை தலையில் அடித்துக்கொள்வான். இன்னொன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு எழுதத் தைரியம் இல்லை. நான் எதைக் கொடுக்கட்டும்? நீங்கள் சொல்லுங்கள். என் தலையில் கட்டாதீர்கள்.


மார்ச் 27

உனக்கு,

இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஐயா, முத்திரை குத்துவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவளை சோம்பேறியாகிவிட்டது, இன்னும் துள்ள வேண்டும் என்று முதலாளி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று காலை பூங்கா திறப்பதற்கு முன் ஷாக் அப்சார்பரின் எண்ணெயை வடித்துவிட்டேன். கொஞ்சம் வடித்தால் போதும் என்று ஆரம்பித்தேன். கொஞ்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கிட்டத்தட்ட முழுதும் வடித்தேன். மணல் மூட்டைகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு அப்புறம் ஒன்பது குதி வரை எண்ணினேன், அப்போதும் நிற்கவில்லை. நன்றாகத் துள்ளுகிறது என்று சந்தோஷப்பட்டேன். முதலாளி சொன்னார் என்பதற்காக அவர் மேல் போட மாட்டேன். திருகைத் திறந்தது என் கை.

மச்சான் அப்போது பத்தடி தள்ளி நின்று சீருடைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் நான் முதலில் பேசினால் நான் இறங்கிவந்த மாதிரி ஆகிவிடுமே. அவன் வந்து கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஸ்பானரைத் துடைத்தேன். அவன் போய்விட்டான். முதல் சுற்றிலேயே தெரிந்துகொள்வான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் கூட்டம் இல்லை, தவளை ஓடவில்லை. மதியம் ஓடிய முதல் சுற்றே அதுதான்.

எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினார்கள். நான் ஷெட்டுக்கு ஓடி எண்ணெயை எடுத்துவந்து ஊற்றினேன். பலகையில் அவன் ரத்தம் இருந்தது. அதன் மேல் கால் வைத்து ஏறித்தான் ஊற்றினேன். இதை எழுதிவிட்டேன். இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

பூஜ்யத்தில் வைத்த படத்தைக் கொடு. வீடியோவில் கோட்டைப் பார்க்கச் சொல். அவன் எண்ணித்தான் போனான்.

அன்று காலை அவனிடம் சொல்லாமல் விட்டதைக் கீழே எழுதியிருக்கிறேன், அவனுக்குப் படித்துக் காட்டு. கிழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று கோடு போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஏற்பாயா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

\- - -

மச்சான், காலையில எண்ணெயை எடுத்துட்டேன். தவளை இன்னிக்கு ஒன்பது தடவைக்கு மேல குதிக்குது. மூணோட உள்ள போயிடாதே. பலகை அசையாம நிக்கிற வரைக்கும் வெளியவே இரு.


ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் முப்பதாம் தேதி காலை வந்தது. படத்தை அன்றே கொடுத்துவிட்டேன். வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. "இதைக் கொடுத்தா என்னாகும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். இனி இந்த வழக்கு அவருக்கு வேண்டாமாம்.

உங்கள் துண்டுச் சீட்டை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை படித்தேன். "எந்தக் காலையில?" என்று கேட்டான். டீச்சர் தன் லேப்டாப்பைக் கொடுத்திருந்தார், இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். அதைக் கட்டில் மேல் வைத்தேன். உராய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்க் கல்லை இழுத்து விட்டேன்.

அவன் பார்த்தான். கல் மேலே போய் வந்தது. அவன் இடது கை விரல் போர்வை மேல் தட்டியது. ஒன்று. அவனுக்கே தெரியாமல்தான் தட்டினான் என்று நினைக்கிறேன். இரண்டு. மூன்று. மூன்றில் அவன் தலை தானாகக் குனிந்தது. குனிந்து, உள்ளே போகிறவன் மாதிரி தோளைச் சாய்த்தான். திரையில் கல் முழு உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்றான். நிறுத்தினேன்.

அப்புறம் அண்ணியைக் கூப்பிட்டான். "நான் எண்ணினேன்டி" என்றான். "எண்ணித்தான் போனேன்." மகன்களையும் கூப்பிட்டுச் சொன்னான். மருந்து கொடுக்க வந்த நர்சிடமும் சொன்னான். அவருக்கு ஒன்றும் புரியாமல், "சரிங்க, சரிங்க" என்றார். அன்றிலிருந்து அவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒண்ணும் எழுதாதே. நான் அவன்கூடப் பேசறதில்ல" என்றான்.

ஆறாம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். பாப்பாவும் வருகிறாளாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அண்ணி முன்வரிசையில் உட்காருவாள், நாங்கள் அவள் பக்கத்தில் உட்காருவோம். வீட்டுக்கு வந்தால் ஏற்பேனா என்பதைக் கோர்ட் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

அந்தச் சட்டையைத் துவைத்தும் கறை போகவில்லை. போலீஸ் கேட்டால் கொடுக்கலாம் என்று மடித்து எடுத்து வைத்திருக்கிறேன்.